பழைய தஞ்சாவூர் வீணையை நேரில் பாராமல் வாங்கலாமா? கேள்வி பதில்

மதுரையில் பல ஆண்டுகளாக வீணைகளுக்கு மேளம் கட்டியும் (கம்பியை அழுத்தும் உலோகப் பட்டைகளான மெட்டுகளை ஸ்வரத்துக்கேற்ப மெழுகில் பதித்தும்) பழுது நீக்கியும் வருபவன் என்ற முறையில், வெளியூரில் விலைக்கு வரும் பழைய வீணைகளைப் பற்றி நம் வட்டாரத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு தாயார்): மும்பை மாதுங்காவில் ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டியின் வீணையை விற்கிறார்கள். படத்தில் மெழுகு வெடித்து, மெட்டுகள் சாய்ந்து, கம்பிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. மகளுக்காக வாங்க நினைத்தேன். விட்டுவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள், அம்மா. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் கைவினைஞரிடம் கொடுத்தால் தீர்ந்துவிடும். தேன்மெழுகுடன் குங்கிலியமும் கரிப்பொடியும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில்தான் 24 மெட்டுகளும் பதிந்திருக்கின்றன. அது நாளடைவில் உலர்ந்து வெடிப்பது இயல்பு. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டிக்கொள்ளலாம். கம்பி, அதை முறுக்கும் பிரடை, கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல் உள்ள உலோகத் தகடு ஆகியவையும் மாற்றக்கூடியவையே. மாற்ற முடியாதது மரம். ஆகவே உங்கள் பணம் குடத்துக்கும் (நாதம் எழும் உருண்டைப் பகுதி) தண்டிக்கும் (நீண்ட கழுத்துப் பகுதி) அவை இரண்டும் சேரும் இடத்துக்கும்தான் என்று எண்ணிக்கொண்டு படங்களைக் கேளுங்கள்.

முதலில், வீணையைத் தரையில் வைத்து, கேமராவைத் தண்டியின் மட்டத்துக்கே இறக்கிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஏழு கம்பிகளின் இழுப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கிய தண்டி, யாளிமுகம் செதுக்கிய முனைப் பக்கம் சற்று மேலெழுந்து, நடுவில் பள்ளமாகியிருக்கக்கூடும். அந்தப் பள்ளத்தை மறைப்பது எளிது: நடுப்பகுதியில் மெழுகை உயர்த்திக் கட்டிவிட்டால் மெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றுவிடும், கம்பியும் சரியான உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். எனவே மெட்டுகளைப் பார்க்காமல், அவற்றுக்கும் மரத்துக்கும் இடையே மெழுகு எவ்வளவு கனமாக இருக்கிறது என்று பாருங்கள். சிறிய ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். இரு ஓரங்களிலும் மெல்லியதாகவும் நடுவில் தெளிவாகவே தடித்தும் இருந்தால் தண்டி வளைந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

அடுத்து, காலை வெயில் சாய்வாக விழும் சன்னலோரத்தில் குடத்தின் மேற்பலகையைப் படமெடுக்கச் சொல்லுங்கள். குதிரைக்கு அருகே ஒரு மர அளவுகோலை அதன் விளிம்பு பலகையில் படும்படி நிறுத்தி வைத்தால், பலகை உள்வாங்கியிருப்பின் அடியில் வெளிச்சம் தெரியும். இலேசான தாழ்வு கவலைக்குரியதன்று. குழிந்து, குதிரையே ஒருபுறம் சாய்ந்திருந்தால் பலகையை மாற்ற வேண்டிவரும். அப்படி மாற்றிய வீணையின் நாதம் பாட்டி வாசித்த நாதமாக இருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

சிறு துளைகள் தெரிந்தால், வீணைக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்து இரண்டு நாள் விட்டுவைக்கச் சொல்லுங்கள். துணியில் புதிய மரத்தூள் உதிர்ந்திருந்தால் புழு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதை வாங்க வேண்டாம்.

கேள்வி (மேலூர்): ஒரு வியாபாரி "ஏகாண்ட வீணை, ஒரே மரம்" என்று சொல்லி இரு மடங்கு விலை கேட்கிறார். படத்தில் குடத்தின் மேல் ஒட்டு தெரிகிறது. ஏமாற்றுகிறாரா?

பதில்: மேலே தெரியும் ஒட்டை வைத்து அவரைச் சந்தேகிக்க வேண்டாம், ஐயா. ஏகாண்ட வீணையிலும் குடத்தைக் குடைந்த பிறகு மேற்பலகையைத் தனியாகத்தான் பொருத்துவார்கள். தண்டியின் மேல்மூடியும் தனியே. கவனிக்க வேண்டியது அடிப்பக்கம். வீணையைக் கவிழ்த்து, குடத்திலிருந்து தண்டிக்குச் செல்லும் பலாமரத்தின் ரேகைகள் அறுபடாமல் ஓடுகின்றனவா என்று நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தில் கருஞ்சாயமோ தடித்த வார்னிஷோ பூசியிருந்தால், ஒரே மரம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஒட்டு வீணையின் விலையைத்தான் பேச வேண்டும். நல்ல கைவினைஞர் செய்த ஒட்டு வீணை எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (மதுரை, மாணவி): விற்பவர் ஒரு கீர்த்தனை வாசித்து அனுப்பியிருக்கிறார். கேட்க இனிமையாக இருக்கிறது. இது போதாதா?

பதில்: போதாது. கைத்திறமை மிக்கவர் குறையுள்ள மெட்டைத் தவிர்த்தே வாசித்துவிடுவார். பக்கவாட்டில் உள்ள மூன்று தாளக் கம்பிகளைத் தொடாமல், சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு வாசிப்புக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டி, ஒலி தானாக அடங்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு சாரணியில் முதல் மெட்டிலிருந்து 24 ஆவது மெட்டுவரை நிதானமாக ஒவ்வொரு ஸ்வரமாக வரட்டும். ஒரே ஒரு மெட்டில் இரைச்சல் கேட்டால் அந்த மெட்டில் கம்பி அறுத்த பள்ளம் இருக்கும். இழைத்துச் சீர் செய்யலாம். எங்கு மீட்டினாலும் கரகரத்தால் குதிரைத் தகடோ பலகையின் ஒட்டோ விட்டிருக்கலாம். 12 ஆவது மெட்டு கம்பியின் நீளத்தைச் சரிபாதியாக்குவதால் அங்கே மேல் ஷட்ஜம் பேச வேண்டும். பேசவில்லை என்றால் உடனே தள்ளிவிடாதீர்கள்; குதிரை ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது, கம்பி மாற்றும்போது இடம் தவறி வைத்திருப்பார்கள். கடைசியாக, குடத்தை விரல் கணுவால் சுற்றிலும் தட்டச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓட்டை ஒலி வந்தால் அங்கே விரிசலைத் தேட வேண்டும்.

கேள்வி (சோழவந்தான்): குடத்தின் விளிம்பில் இருப்பது அசல் தந்தம் என்று சொல்கிறார்கள். அதனால் மதிப்பு கூடுமா?

பதில்: அசல் தந்தம் என்றால் வாங்காதீர்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடைசெய்துள்ளன. வீணை பழையது என்பது சாக்காகாது. மான்கொம்பு வேலைப்பாட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி (தேனி): நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்கிறார்கள். வாங்கி மலேசியாவில் உள்ள அண்ணனுக்கு அனுப்ப எண்ணம்.

பதில்: நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. விற்பவரின் வாய்ச்சொல் உண்மையாயின் உங்கள் திட்டம் நடக்காது. பொய்யாயின் அதற்கான விலையைத் தரக் கூடாது. அண்ணனுக்குப் புதிய வீணையே ஏற்றது.

கேள்வி (திருமங்கலத்துத் தாயாரே மீண்டும்): மரம் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. எப்படி வரவழைப்பது?

பதில்: மிக்க மகிழ்ச்சி, அம்மா. எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாயாரான வீணைக் கலைஞர் சண்முகவடிவு அம்மாள் வாசித்த மதுரையின் பக்கம் இன்னொரு வீணை வந்து சேர்வது எனக்கும் மனநிறைவு தருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அனுப்பச் சொல்லாதீர்கள். மூடிய லாரியின் சூட்டில் மெழுகு இளகி மெட்டுகள் மொத்தமாகச் சரிந்துவிடும். கம்பிகளைத் தளர்த்தி, குதிரை நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து, குதிரையையும் தண்டிக்கு அடியில் உள்ள சுரைக்குடுக்கையையும் கழற்றித் தனித்தனியே சுற்றச் சொல்லுங்கள். மரப்பெட்டிக்குள் மெட்டுகளின் மேல் எதுவும் அழுந்தக் கூடாது. வீணையின் பாரம் குடத்தின் அடியிலும் தண்டியின் அடியிலும் தாங்கட்டும்.

வந்து சேர்ந்ததும் கம்பியை முறுக்காதீர்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இருந்த மரம் நம் ஊரின் வறண்ட காற்றுக்குப் பழகவேண்டும். பெட்டியைத் திறந்து ஒரு வாரம் நிழலில் விட்டுவிடுங்கள். பிறகு வழக்கமான சுருதிக்கு ஒரு கட்டை குறைத்தே சேர்த்து, சில வாரங்கள் கழித்துச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அதன் பின்பு மேளம் கட்டினால் போதும். அதற்கு முன் கட்டினால் மரம் அசையும்போது ஸ்வரங்களும் விலகி, செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.