பெரிய லேத்துக்கு மாறும் முன்: கடைசல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கையில் இருக்கும் சின்ன மரம் கடையும் லேத்தை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்குவது. மற்றவை அடுத்த முறை.

கே: சார், ஒரு லட்சத்துக்குள் நல்ல லேத் ஒன்று சொல்லுங்கள்.

ப: பம்பரம் கடையவா, தூண் கடையவா? லேத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்? இப்போது கையில் என்ன இருக்கிறது? எதையும் எழுதவில்லை. கால் அளவு சொல்லாமல் செருப்பு வாங்கிவரச் சொன்ன மாதிரி இருக்கிறது. விவரம் எழுதுங்கள், பார்க்கலாம்.

கே: என்னுடையது 12 இன்ச் லேத். ஆனால் 12 இன்ச் கிண்ணம் கடைய முடியவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: இல்லை. 12 இன்ச் என்பது பெட்டில், அதாவது லேத்தின் நீளமான அடிப்பாகத்தில், இடிக்காமல் சுழலக்கூடிய விட்டம். ரம்பத்தில் அறுத்த கட்டை முழு வட்டமாக இருக்காது, கடையக் கடையச் சிறுத்துக்கொண்டே வரும். 10 இன்ச் கிண்ணம் கிடைத்தால் திருப்திப்படுங்கள். 14 இன்ச் வேண்டுமென்றால் 16 இன்ச் லேத் பாருங்கள்.

கே: ஒன்று 2 எச்.பி., 4000 ஆர்.பி.எம். இன்னொன்று 1.5 எச்.பி., 3200 ஆர்.பி.எம். எனக்குக் கிண்ணம்தான் பிரதானம். முதலாவதுதானே மேல்?

ப: வந்துவிட்டது என் பழைய தலைவலி. விற்பவர் உச்ச வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார், வாங்குபவர் அதை மட்டும் படிக்கிறார். கிண்ணம் கடைபவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த லேத் எவ்வளவு மெதுவாகச் சுற்றும்?

விட்டத்தை இன்ச்சில் எடுத்து வேகத்தால் (ஆர்.பி.எம்., நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்குங்கள். விடை 6000-க்கும் 9000-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 12 இன்ச் கிண்ணத்துக்கு 500 முதல் 750. அதுவும் கட்டை உருண்டையான பிறகுதான். வெட்டி நாலு நாள்கூட ஆகாத வேப்பங்கட்டை ஒரு பக்கம் கனத்துக் கிடக்கும். அதை 200, 250-இல்தான் ஆரம்பிக்க வேண்டும். என் முதல் லேத் 600-க்குக் கீழே இறங்காது. ஒருநாள் கோணலான பூவரசங்கட்டை ஒன்றை மாட்டி சுவிட்சைப் போட்டேன். லேத் மேஜையோடு நடக்க ஆரம்பித்தது. கட்டை பிய்த்துக்கொண்டு போய் டியூப் லைட்டை உடைத்தது, சில்லு முகக் கவசத்தில் வந்து விழுந்தது. கவசம் போடுங்கள் என்று நான் எழுதாத மாதம் கிடையாது, காரணம் இதுதான். 4000 வேகமெல்லாம் பேனா கடைபவர்களுக்கு. அவர்களுக்கே 3000 போதும்.

இன்னொன்று. குமிழைத் திருகி மோட்டார் வேகத்தைக் குறைத்தால் அதன் சக்தியும் கூடவே குறையும். 2 எச்.பி. மோட்டார் பாதி வேகத்தில் தருவது ஏறக்குறைய 1 எச்.பி.தான். அதனால் குமிழ் மட்டும் உள்ள லேத் வேண்டாம். இரண்டு மூன்று படி புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) இருக்கட்டும். பெல்ட்டை மெதுவான படியில் போட்டுவிட்டு மிச்சத்தைக் குமிழில் பார்த்துக்கொள்ளலாம். பெல்ட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை நம்பாதீர்கள்.

உங்கள் இரண்டில் எது மேல்? குறைந்த வேகமும் எடையும் தெரியாமல் சொல்ல மாட்டேன். 50 கிலோ லேத்தில் 14 இன்ச் பச்சைக் கட்டையை மாட்டினால் அதுவும் நடக்கும்.

கே: பெரிய லேத்தில் த்ரீ ஃபேஸ் மோட்டாராம். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது.

ப: விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வைத்த லேத்தாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் போகும், மோட்டாருக்கு மூன்று ஃபேஸாக வரும். ஆனால் விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்க விடாதீர்கள். பழக்க தோஷத்தில் எலெக்ட்ரீஷியன் வைத்துவிடுவார். ஓடும்போது அதை அணைத்துப் போட்டால் விஎஃப்டி போய்விடும். எர்த்தையும் சரிபாருங்கள்.

கே: பழைய சக் (கட்டையைக் கவ்விப் பிடிப்பது) புது லேத்துக்குச் சேருமா?

ப: சக் முடுக்கும் தண்டின் மரையைப் பாருங்கள். சின்ன லேத்துகளில் பெரும்பாலும் 1 இன்ச் தடிமன், இன்ச்சுக்கு 8 த்ரெட். பெரியவற்றில் 1¼ இன்ச், 8 த்ரெட் அல்லது 33 மி.மீ., 3.5 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி). சக்கில் கழற்றக்கூடிய இன்சர்ட் (மரை உள்ள உள்வளையம்) இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அடாப்டர் போட்டால் சக் பேரிங்கை விட்டுத் தள்ளிப்போகும், பெரிய கிண்ணம் அதிரும். பூட்டுத் திருகு இல்லாத சக்கை ரிவர்ஸில் ஓட்டாதீர்கள், தானே கழன்றுவிடும்.

கே: கட்டில் கால் 30 இன்ச். என் லேத்தில் 20 இன்ச்தான் பிடிக்கும். இதற்காகப் பெரிய லேத் வாங்கலாமா?

ப: வேண்டாம். உங்கள் லேத்துக்கு பெட் எக்ஸ்டென்ஷன் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் காலை இரண்டாகக் கடைந்து முளை வைத்துச் சேருங்கள். இணைப்பு ஒரு வளையத்தின் பள்ளத்தில் மறைந்துவிடும்.

கே: இரும்பு கடையும் லேத்தில் மரம் கடையலாமா?

ப: முடியும். மரத்தூள் எண்ணெயில் குழைந்து பெட்டெல்லாம் ஒட்டும், கையில் பிடிக்கும் உளியைத் தாங்க ரெஸ்ட்டும் இருக்காது. விட்டுவிடுங்கள்.

கே: புது லேத் 2 எச்.பி. நல்ல பலம். கட்டில் கால் கடைகிற ரஃபிங் கௌஜாலேயே (கட்டையை முதலில் உருண்டையாக்கும் அகல உளி) கிண்ணத்தையும் வழித்துவிடலாம் இல்லையா?

ப: கூடவே கூடாது. அந்த உளியின் வாய்தான் அகலம், கைப்பிடிக்குள் போகும் வால் ஒல்லி. கிண்ணத்தில் மர ரேகையின் திசை மாறிக்கொண்டே வரும். ஒரு இடத்தில் உளி சிக்கினால் வால் முறியும். சின்ன லேத்தாவது பெல்ட் வழுக்கி நின்றுவிடும். இது உளியை முறித்துவிட்டுத்தான் நிற்கும். கிண்ணத்துக்கு உள்ள கௌஜை வாங்குங்கள். அப்புறம், கவசம் போடுகிறீர்களா என்று எழுதவே இல்லையே?