மருத்துவமனை இருக்கக் கடைக்குப் போவது ஏன்?

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமங்களில் மலேரியா கண்டவர்கள் பலர் அரசு மருத்துவ நிலையத்துக்குப் போகாமல் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள் என்று படித்தேன். இது வெறும் அறியாமைதானே? இதை ஆராய வரைபடமும் புள்ளியியலும் எதற்கு? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. கென்யாவின் கடலோரத்தில் உள்ள கிலிஃபியைப் பாருங்கள். மாலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் தாய் முதலில் போவது பக்கத்துக் கடைக்குத்தான். இருட்டிய பிறகும் அது திறந்திருக்கும், கடன் சொல்லலாம், முழு அட்டை வாங்கக் காசில்லாவிட்டால் இரண்டு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள். மருத்துவ நிலையத்துக்கோ பகலில்தான் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், போன அன்று மருந்து தீர்ந்துபோயிருக்கவும் கூடும். குழந்தைக்கு வலிப்பு கண்டுவிட்டால் அதைக் காய்ச்சலோடு சேர்க்காமல் பறவை ஆவியின் வேலை என்று கருதி நாட்டு வைத்தியரிடம் தூக்கிச் செல்லும் வழக்கமும் அங்கே உண்டு. ஃபால்சிபேரம் வகை மலேரியா குழந்தைகளிடம் ஓரிரு நாளிலேயே முற்றிவிடும் என்பதால், முதலில் எங்கே போனார்கள், எத்தனை மணி நேரம் கழித்துப் போனார்கள் என்பதில்தான் உயிர் தொங்குகிறது.

புள்ளியியலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் மருத்துவமனையைச் சுற்றியே மலேரியா மிகுதி என்று தோன்றும். உண்மையில் அது நோயின் படம் அன்று, வந்து சேர்ந்தவர்களின் படம். தொலைவு கூடக் கூட வருகிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். எனவே ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று, கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதா, முதலில் யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டு, அந்த வீட்டின் இருப்பிடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தடுத்த வீட்டார் ஒரே கடையை, ஒரே பாதையை, ஒரே பேச்சைப் பகிர்கிறவர்கள். ஆகவே நூறு வீடுகளை ஒன்றோடொன்று தொடர்பற்ற நூறு சாட்சிகளாக எண்ணிக் கணக்கிட்டால், முடிவுக்கு இல்லாத உறுதி வந்துவிடும். பக்கத்து வீடுகள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை மோரான் குறியீடு அளக்கிறது. தாமதம் எங்கே குவிந்திருக்கிறது என்பதைக் காட்டுவது, மார்ட்டின் குல்டார்ஃப் 1997-இல் விளக்கிய வட்ட முறை: வரைபடத்தின் மேல் சிறிதும் பெரிதுமான வட்டங்களை நகர்த்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதலாகத் தாமதித்தார்கள் என்று பார்க்கிறார்கள். பிறகு அதே எண்ணிக்கையிலான தாமதங்களைக் கணினியில் வீடுகளுக்கிடையே பெரும்பாலும் 999 முறை குலுக்கிப் போட்டு, அந்தக் குவிப்பு தற்செயலாகவும் வந்திருக்குமா என்று சோதிக்கிறார்கள்.

தொலைவையும் நேர்கோட்டில் அளப்பது போதாது. மூன்று கிலோமீட்டரில் நிலையம் இருந்தும் நடுவில் ஆறு ஓடினால், மழைக்காலத்தில் அது எட்டாத இடம். எனவே நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஏற்றத்தில் அதைவிடக் குறைவு என்று நடைவேகம் கொடுத்துப் பயண நேரத்தைக் கணிக்கிறார்கள். பயண நேரம், வருமானம், தாயின் படிப்பு எல்லாவற்றின் தாக்கத்தையும் கழித்த பிறகும் ஓரிடத்தில் தாமதம் குவிந்தே இருந்தால், ஆய்வாளர்களின் கேள்விப் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள்: அடிக்கடி மருந்து தீர்ந்துவிடும் நிலையமாக இருக்கலாம், எரிந்து விழும் ஊழியராகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், இந்த ஆய்வுகளில் மிகவும் பயனுள்ள பகுதி இந்த மிச்சம்தான்.

கடைக்காரரைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1990-களில் கிலிஃபியில் கடைக்காரர்களுக்கு மருந்தளவு சொல்லிக்கொடுத்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைகளில் அன்றைய மலேரியா மருந்தான குளோரோகுயினைப் போதிய அளவு பெற்றவர்கள் அதற்கு முன்பு நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. பயிற்சிக்குப் பின் அறுபதைத் தாண்டினார்கள். பிறகு குளோரோகுயினுக்கே கிருமி அடங்காமல் போனது வேறு கதை. இன்று தரப்படும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மருந்தை மூன்று நாளில் ஆறு வேளை சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் மீதியை எடுத்து வைத்துவிடுவது கடையில் வாங்கியவரும் செய்வதுதான், மருத்துவமனையில் வாங்கியவரும் செய்வதுதான்.

கேள்வி: வீட்டின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டால், நோயாளி யார் என்று வெளியே தெரிந்துவிடாதா? (வாசகர், கோவை)

பதில்: தெரிந்துவிடும் என்பதால்தான் பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை நலவாழ்வு ஆய்வுகளில் இருப்பிடத்தை வேண்டுமென்றே நகர்த்தி வெளியிடுகிறார்கள். தனி வீட்டின் புள்ளியைத் தராமல், பல வீடுகள் சேர்ந்த தொகுதிக்கு ஒரே புள்ளியைத் தருகிறார்கள். அதையும் நகரமானால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமானால் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒரு கிராமத் தொகுதியை 10 கிலோமீட்டர் வரை ஏதாவதொரு திசையில் தள்ளி வைக்கிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. ஐந்து கிலோமீட்டர் தள்ளிய புள்ளியிலிருந்து அளந்தால் அருகிலுள்ள நிலையம் எது என்பதே மாறிவிடலாம். ஆகவே பயண நேரத்தை நுணுக்கமாகக் கணிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பொதுத் தரவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒன்று, தாங்களே மக்களின் ஒப்புதலோடு அளவெடுக்க வேண்டும், அல்லது அந்தப் பிழையையும் கணக்கில் சேர்க்கும் புள்ளியியல் கணக்குமுறையைக் கையாள வேண்டும்.