கட்டிலை விடுங்கள், மீட்டரைப் பாருங்கள்: காட்பாடி வாடகை வீடு கேள்வி பதில்

வேலூரை ஒட்டிய காட்பாடியில், விஐடி பல்கலைக்கழகம் பக்கம் ஒன்பது வருடத்தில் ஐந்து வீடு மாறியவன் நான். இப்போது மாமாவின் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு தரப்பு தந்திரமும் தெரியும். கேளுங்கள்.

கே: ஃபர்னிஷ்ட் என்றால் என்னவெல்லாம் இருக்கும்?

ப: ஓனருக்கு ஓனர் மாறும். ஃபேன், டியூப்லைட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தாலே ஃபர்னிஷ்ட் என்பவர்கள் உண்டு. கட்டில், மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ், கீசர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும். சாவி வாங்கும் நாளே எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் சோபாவில் முன்பே இருந்த கிழிசலுக்கு உங்கள் அட்வான்ஸில் கழிப்பார்கள். அப்புறம், குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். உப்பு என்றால் கீசரும் போகும், தலைமுடியும் வறண்டுபோகும்.

கே: அப்பாவுக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சை, இரண்டு மாதம் தங்கணும். காட்பாடியில் பார்க்கலாமா?

ப: வேண்டாம் அம்மா. காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவில் பாலாறு, பாலத்தில் நெரிசல். சிஎம்சியின் சில பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கின்றன. எங்கே போகணும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலூர்தான் என்றால், மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் அடுப்பு, பாத்திரத்தோடு அறை கிடைக்கும். வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வந்த ஏற்பாடு; போர்டுகூட வங்காளத்தில் இருக்கும்.

கே: கரண்டுக்கு யூனிட் 10 ரூபாய் என்கிறார் ஓனர். நியாயமா?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினாலும் முதல் 100 இலவசம் போக எழுநூறு, எண்ணூறு ரூபாயில் முடியும். அதையே ஓனர் தன் இணைப்பிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சப் மீட்டர் (உள் மீட்டர்) வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் போட்டால் 3,000. அந்த வித்தியாசத்தில் ஒரு கட்டிலே வாங்கலாம். ஏசி இருந்தால் தனி மீட்டரிலும் கவனம் வேண்டும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் அதற்கே இரண்டு மாதத்தில் 500 யூனிட் பக்கம் வரும். 500ஐத் தாண்டினால், முதல் 100க்கு அடுத்து வரும் மலிவான யூனிட்டுகளின் கட்டணமும் ஏறிவிடும்.

கே (ஒரு ஓனர்): எங்களைத் திருடன் என்கிறீர்களா? நான்கு வீட்டுக்கும் ஒரே மீட்டர். ஆயிரம் யூனிட்டைத் தாண்டினதுக்கு மின் வாரியமே யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வாங்குகிறது. மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் யார் கட்டுவது?

ப: கணக்கு சரிதான் சார். ஆனால் ஒரே மீட்டர் வைத்தது யார்? குடியிருப்பவரா?

கே: எங்களுக்கு சப் மீட்டரே இல்லை, பில்லை நான்காகப் பிரிக்கிறார்கள். மேல் வீட்டில் இரண்டு ஏசி.

ப: அடுத்த வருடம் அந்த மேல் வீட்டைப் பிடியுங்கள்.

கே: அட்வான்ஸ் எத்தனை மாதம் தரணும்?

ப: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. ஐந்து, பத்து என்று கேட்பார்கள், பேசிக் குறையுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

கே: ஆன்லைனில் நல்ல வீடு. ஓனர் ராணுவத்தில் இருக்கிறாராம், 5,000 டோக்கன் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம்.

ப: வராது. பணமும் திரும்பாது. வீட்டைப் பார்க்காமல் ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

கே: வீடியோ காலில் வீட்டைக் காட்டினார், அனுப்பலாமா?

ப: மேலே படியுங்கள்.

கே: அட்வான்ஸ் எவ்வளவு தரலாம்?

ப: மேலே படியுங்கள் என்றேனே தம்பி.

கே (அதே ஓனர்): சரி, நான்கு வீட்டுக்கும் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுக்கிறேன். குடிவர ஆள் அனுப்புவீர்களா?

ப: அனுப்பலாம். தண்ணீர் எப்படி சார்?

கே: குளிக்கலாம்.