மேரி–பிலிப் மகனுக்கு ஸ்பெயின் எப்போது கிடைக்கும்?

வணக்கம். இங்கிலாந்து அரசி முதலாம் மேரிக்கும் ஸ்பெயினின் பிலிப்புக்கும் 1555இல் மகன் பிறந்திருந்தால், அவன் இளவயதிலேயே இரு நாடுகளையும் ஆண்டிருக்க முடியுமா என்று நீங்கள் எழுதும் கதைக்காகக் கேட்டிருந்தீர்கள். முடியாது. 1554ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தப்படி அப்பிள்ளைக்கு இங்கிலாந்தும் நெதர்லாந்துப் பகுதிகளும்தான் சேரும். ஸ்பெயின் பிலிப்பின் மூத்த தாரத்து மகன் கார்லோஸுக்கே உரியது. ஆனால் கார்லோஸின் வழி அற்றுப்போனால் அதுவும் மேரியின் பிள்ளைக்கு வரும் என்று அதே ஒப்பந்தம் கூறுகிறது. கார்லோஸ் 1568இல் தந்தையின் காவலிலேயே வாரிசின்றி இறந்ததால், உங்கள் கதைக்கு வேண்டிய திருப்பத்தை வரலாறே தந்துவிடுகிறது. பிலிப் 1598 வரை வாழ்ந்தார் என்பதால், ஸ்பானிய முடி அதன் பிறகே கைக்கு வரும். என்னைக் கேட்டால், 1558இல் மேரி இறந்ததும் மூன்று வயதில் அரியணை ஏறும் அச்சிறுவனுக்காக ஆட்சியை நடத்துவது தந்தை பிலிப்பா, சித்தி எலிசபெத்தா என்ற போட்டியையே கதையின் மையமாக வைத்து விரிவாக எழுதுங்கள்.