ஐப்பசி மாத்திரை

அன்புள்ள அக்கா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். எம்.ஃபார்ம் (மருந்தாக்கத்தில் முதுகலை) முடித்து நான்கு வருடமாக ஒரு மாத்திரை கம்பெனியில் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிற வேலை. வயது 28. வேலை சலித்துவிட்டது, பி.எச்டி சேரலாமா என்று யோசனை. அப்பா ஹார்பரில் லோடு வேலை பார்த்தவர். "அதனால நம்ம ஏரியாவுக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறார். அம்மா அதற்குள் நான் டாக்டருக்குப் படிக்கப்போவதாகத் தெருவில் சொல்லிவிட்டார். இன்னொன்று: மழைக்காலம் வந்தால் எங்கள் மாத்திரை ஒன்று டிசல்யூஷனில், அதாவது மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் சோதனையில், முதல் ஆறில் தேறுவதில்லை, அடுத்த ஆறு போட்டால் தேறிவிடும். ஏன் என்று கேட்டால் "பாஸ்தானே, கையெழுத்துப் போடு" என்கிறார்கள். வேலையை விடட்டுமா, பார்ட் டைமில் செய்யட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எனக்குப் பி.எச்டி பட்டம் வந்த வாரம், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு பெண் காய்ச்சல் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். நான் எலிக்கு மருந்து கொடுத்துப் பட்டம் வாங்கியவள் என்று புரியவைத்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட அரை மணி நேரம் ஆனது. ஆறு வருட ஃபார்ம்.டி படித்தவர்களுக்கும் இதே தொல்லைதான். அது வேறு படிப்பு, ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்குப் போகும் மருந்தைக் கவனிக்கிற படிப்பு.

சலிப்புக்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம். இங்கே சலிப்பு இன்னும் அதிகம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் அப்போது மூன்றாம் வருடம். எலிகளிடம் எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சின்னச் சின்னக் குப்பிகளில் டீப் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். கரண்ட் போனது, ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. விழுந்துகிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் போய்க் கதவைத் திறந்தால், அடியில் தண்ணீர் நிற்கிறது, லேபிள் மை கரைந்து குப்பியெல்லாம் நீலம். மூன்று மாத வேலை. திரும்பச் செய்ய எலி வேண்டும், எலிக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எட்டு மாதம் போனது. கைடு (ஆய்வு வழிகாட்டி) ஒரு காபி வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் அந்த மழைக்கால வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆறு ஜாடி, பெரும்பாலும் 900 மில்லி திரவம், உடம்புச் சூட்டுக்கு 37 டிகிரி. ஜாடிக்கு ஒரு மாத்திரை போட்டுத் துடுப்பைச் சுழற்றி, குறித்த நேரத்தில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆறில் ஒன்று தேறாவிட்டாலும் இன்னொரு ஆறு போட்டு, பன்னிரண்டின் சராசரியைப் பார்க்க விதியிலேயே இடம் உண்டு. உங்கள் மேலாளர் மேல் தப்பில்லை. ஆனால் ஏன் மழைக்கு மட்டும்? கிரானுல்ஸ் (மாத்திரையாக அழுத்துவதற்கு முன் இருக்கும் மருந்துக் குருணை) சரியாகக் காயவில்லையா? மாத்திரையை உடைக்கப் போட்ட ஸ்டார்ச் முன்னாடியே ஈரம் குடித்து ஊதிவிட்டதா? இல்லை, ஈரத்தில் ஒட்டுகிறதே என்று மிக்சரைக் கூடக் கொஞ்சம் ஓடவிடுகிறார்களா? ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டீயரேட் பொடியை அதிக நேரம் கலந்தால் மாத்திரைக்குள் தண்ணீர் சுலபத்தில் இறங்காது என்பது உங்களுக்கே தெரியும். தலைப்பே இல்லாமல் கைடிடம் போய் "எதாவது குடுங்க சார்" என்று நிற்பவர்கள்தான் நான் பார்த்ததில் பாதிப் பேர். உங்களிடம் தலைப்பு இருக்கிறது. அதனால் சேருங்கள் என்கிறேன்.

பார்ட் டைமுக்கு யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் இடம் இருக்கிறது, கம்பெனி தடையில்லாச் சான்று தரவேண்டும். எனக்கு அதில் இஷ்டமில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு லேபுக்கு வருகிறவர் கருவி முன்னால் தூங்குவார். கையில் உதவித்தொகை இல்லாமல் வேலையையும் விடாதீர்கள். ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. அதற்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் நம் படிப்புக்குத் தனித் தாள் கிடையாது, உயிர் அறிவியலிலோ வேதியியலிலோ உட்கார வேண்டும். ஒரு வருடம் அதற்கே போகலாம். பி.எச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம், கூடினால் ஆறு என்பது கணக்கு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. கல்யாணப் பேச்சு எழும்போது இதை வீட்டில் சொல்லுங்கள்.

கைடைப் பார்க்கும் முன் அவருடைய மாணவர்களைப் பாருங்கள், கேன்டீனில். மருந்தின் அளவைப் பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி ஓடுகிறதா, அதற்கு ஊற்றும் அசிட்டோநைட்ரைல் யார் காசு, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, இந்த மூன்றும் போதும்.

அப்பாவுக்கு: எல்லாப்பிரகட சுப்பாராவ் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். இங்கே எம்.பி.பி.எஸ். கொடுக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கொடுத்தார்கள். அமெரிக்கா போய் 1930-இல் ஹார்வர்டில் பி.எச்டி வாங்கினார். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அது லெடர்லே கம்பெனியில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் வந்தது. எங்கள் பாட்டிக்கு இடது கால் வீங்கி, செருப்பே போட முடியாது. அந்த மாத்திரை எங்கள் தெருவுக்கு வந்தபோது பாட்டி இல்லை. அம்மாவும் நானும் விழுங்கினோம்.

கம்பெனி எண்களை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அவை அவர்களுடையவை. கேள்வியை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, கைடைப் பார்ப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அம்மாவிடம் இப்போதே பேசி வையுங்கள். ஸ்டான்லிக்கு ஆட்டோ இப்போது ரொம்பக் கேட்கிறார்கள்.