என் மானாவாரி நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்குமா? எப்படிப் பார்ப்பது?

ஜேசிபியைக் கூப்பிடும் முன் மண்ணைப் பாருங்கள். மேல்மண்ணை அல்ல, குட்டையின் அடி எந்த ஆழத்தில் வருமோ, அந்த ஆழத்து மண்ணை. இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டி, அடிமண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரித் தள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீண்டால் மண்ணில் களிமண் நிறைய இருக்கிறது. உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் மணல்.

அப்புறம் அதே குழியை மாலையில் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் காலை மீண்டும் நிரப்பி, மாலை வரை மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். முதல் நிரப்பலை நம்பவே வேண்டாம். காய்ந்த மண் எப்படியும் குடிக்கும். கரிசலில் இது இன்னும் முக்கியம். கோடையில் விட்ட வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், ஈரம் ஏறினால்தான் அவை மூடும்.

சரி, தண்ணீர் வர வேண்டுமே? 1 ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். அதில் கால்வாசி வழிந்து வந்தாலே நல்ல வரத்து. அதனால் நிலத்தின் தாழ்ந்த மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஓடைக்குள் மட்டும் வெட்டாதீர்கள். வண்டல் மேடிட்டுவிடும், வெள்ளம் கரையை உடைக்கும்.

தண்ணீர் நிற்காத செம்மண் என்றால் மனம் தளர வேண்டாம். கிணற்றில் ஊற்று கூடுவதுதான் உங்கள் தேவை என்றால் கசியும் குட்டையே நல்லது. மீன் வளர்க்கவோ கோடைப் பாசனத்துக்கோ என்றால்தான் பிளாஸ்டிக் விரிப்புக்குச் செலவு செய்யலாம்.