வரப்பில் கிடைத்த ஆமை முட்டைகளை வீட்டில் பொரிக்க வைக்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் மானாவாரியாகச் சோளமும் நிலக்கடலையும் பயிரிட்டு வருகிறேன். மார்கழியில் வரப்பு வெட்டும்போது கிளுவை வேலியோரம் மண்ணுக்குள் நான்கு வெள்ளை முட்டைகள் தென்பட்டன. மழைக்காலத்தில் அந்த இடத்தில் கட்டாமைகள் நடமாடுவதுண்டு. மூன்று முட்டைகளை மண் போட்டு மூடிவிட்டேன். ஒன்றை உமி நிரப்பிய சட்டியில் வீட்டில் வைத்திருக்கிறேன். அடைக்கோழிக்கு அடியில் வைத்தோ, பல்பு எரியும் பெட்டியில் வைத்தோ இவற்றைப் பொரிக்க முடியுமா? குஞ்சுகளை வளர்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நல்ல விலை போகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். பழைய வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முட்டைகளை வீட்டில் பொரிக்க வைக்கவும் வேண்டாம், பொரித்த குஞ்சுகளை வீட்டில் வளர்க்கவும் வேண்டாம். தங்கள் ஊரில் கட்டாமை என்று சொல்லப்படுவது நட்சத்திர ஆமை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் கொல்வதும் மட்டுமே குற்றம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ அவை இருக்கும் கூட்டையோ கலைப்பதையும்கூட அந்தச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. ஆகவே சட்டியில் இருக்கும் அந்த ஒரு முட்டையைப் பற்றி இன்றைக்கே தங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வரப்பு வெட்டும்போது தற்செயலாகக் கண்டதை மறைக்காமல், மூடி வைத்திருக்கும் மூன்றையும் சேர்த்து உள்ளபடியே சொல்வதுதான் தங்களுக்கும் நல்லது, முட்டைகளுக்கும் நல்லது.

அவர்கள் வந்து சேரும்வரை வீட்டில் இருக்கும் முட்டையைப் புரட்டவோ, கழுவவோ, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கவோ கூடாது. கோழி முட்டைக்குள் கரு தொங்கிச் சுழல்வதற்கு இருபுறமும் வெண்கருவால் முறுக்கிய இழைகள் உண்டு; கோழியும் நாளுக்குப் பலமுறை முட்டையை உருட்டிவிடும். ஆமை முட்டையில் அத்தகைய இழைகள் கிடையாது. முட்டையிட்ட சில நாட்களுக்குள் கரு மேற்புற ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளரத் தொடங்குகிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு பிய்ந்தோ நசுங்கியோ இறந்துபோகக்கூடும். இப்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வைத்து, உமி ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் லேசாக ஈரம் காட்டிய மணலுக்கு மாற்றி, நிழலில் அசையாமல் வைத்திருங்கள். மேல்புறம் மேலேயே இருக்கட்டும். அதைத் திரும்பக் குழியில் வைப்பதா வேண்டாமா என்பதை வனத்துறையினர் முடிவு செய்யட்டும்.

அடைக்கோழி யோசனை கிராமத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவதுதான். வாத்து முட்டையும் வான்கோழி முட்டையும் கோழிக்கு அடியில் வைத்துப் பொரித்துப் பழகியவர்கள் நாம். ஆனால் கோழி முட்டைக்கு ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஆமை முட்டைக்கோ 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோழியின் அடிவயிற்றுச் சூட்டில் ஆமைக் கரு வெந்துவிடும், கோழி உருட்டுவதில் ஒட்டு விட்டுப்போகும். பல்புப் பெட்டியிலும் இதே தொல்லைதான்; மின்சாரம் போனால் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும், வந்தால் சூடேறும், ஈரமும் நிலையாக இருக்காது. இன்னொன்றும் உண்டு. இந்த ஆமையில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது. சற்றுக் குளிர்ந்த குழியில் ஆண்களும், 31 டிகிரிக்கு மேல் சூடான குழியில் பெண்களும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஒரே சூட்டில் ஓடும் பெட்டியில் பொரித்தால் எல்லாமே ஒரே பாலாகப் பிறந்துவிட வாய்ப்புண்டு.

அவை ஆமை முட்டைகள்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், அதற்காகத் தோண்டிப் பார்க்க வேண்டாம். சட்டியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தாலே போதும். பாம்பு முட்டையும் உடும்பு முட்டையும் தோல் போல மெத்தென்று இருக்கும். கட்டாமை முட்டை சுண்ணாம்பு ஓட்டுடன் கெட்டியாக, கோழி முட்டையைவிடச் சிறியதாக, கூர்முனை இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். கண்மாயோ ஏரியோ அருகில் இருந்தால் பாலாமையின் முட்டையாகவும் இருக்கலாம். அது பந்து போல உருண்டையானது. அதுவும் பாதுகாக்கப்பட்ட இனமே என்பதால், எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது மாறாது.

இனி வரப்பில் இருக்கும் குழியைப் பற்றி. தாய் ஆமை பின்னங்கால்களால் குடுவை போலக் குழி பறிக்கிறது. மண் கெட்டியாக இருந்தால் தன் உடலில் தேக்கி வைத்திருக்கும் நீரை விட்டு இளக்கிக்கொள்கிறது. முட்டையிட்டதும் மண்ணைத் தள்ளி மூடி, அடி ஓட்டால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டுப் போய்விடுகிறது. கோழியைப் போல அடை காப்பதில்லை, திரும்பி வந்து பார்ப்பதுமில்லை. ஆகவே முட்டைகள் தாயை இழந்துவிட்டன என்று வருந்த வேண்டியதில்லை. மூன்றையும் உடனே மண் போட்டு மூடிய தங்கள் செயல் சரியானது. மேலே மண் ஏறக்குறைய முன்பிருந்த உயரத்துக்கு இருந்தால் போதும். அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது, பாலித்தீன் விரிப்பது, எருக் குவிப்பது எதுவும் வேண்டாம். தொழுவுரம் சூடேறும், தேங்கும் தண்ணீர் முட்டையை அழுகச் செய்யும்.

கீரி, உடும்பு, காட்டுப்பன்றி, நாய் ஆகியவைதான் குழியைத் தோண்டும். வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு, குழியைச் சுற்றி இரண்டடி தள்ளிக் கருவேல முள்ளைப் படல் போல நெருக்கி வைக்கலாம்; தரையோடு ஒட்டிய இடத்தில் குஞ்சு வெளியேறும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். அந்த வரப்பை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலத்தில் கோடை உழவுக்கு ரோட்டவேட்டர் ஓட்டாமலும், களைக்கொல்லி அடிக்காமலும், சருகைக் கொளுத்தாமலும், ஆட்டுக்கிடை போடாமலும் விட்டுவிடுங்கள். விளைச்சலில் இதனால் பெரிய இழப்பு இராது.

பொரிக்கும் நாளை என்னால் குறித்துச் சொல்ல இயலாது, ஏனெனில் மண்ணின் வெப்பத்தைப் பொறுத்து மூன்று மாதமும் ஆகலாம், ஐந்து மாதமும் ஆகலாம். குஞ்சு மூக்கு நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டைக் குத்தித் திறக்கிறது. திறந்தவுடன் வெளியே வந்துவிடாமல், வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு உள்ளே இழுபடும்வரை ஓட்டுக்குள்ளேயே ஓரிரு நாள் கிடக்கும். இந்த நேரத்தில் உதவுவதாக எண்ணி ஓட்டை உரித்தால் அந்த மஞ்சள் கரு இருக்கும் பை கிழிந்து குஞ்சு இறந்துபோகும். மண் இறுகியிருந்தால், சித்திரை வைகாசியில் ஒரு கோடை மழை பெய்து இளகும்வரை மண்ணுக்குள்ளேயே அவை காத்திருக்கக்கூடும். வெளியே வரும் குஞ்சு மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். முதுகில் மஞ்சள் மிகுந்து கறுப்புத் திட்டுகள் மட்டுமே தெரியும், நட்சத்திரக் கோடுகள் வளர வளரத்தான் விரியும். அதைத் தூக்கி எடுக்காமல், தானே புல்லுக்குள் நடந்து மறைய விடுங்கள்.

பிள்ளைகளின் ஆசை நியாயமானதுதான். ஆனாலும் வீட்டில் வளர்க்கப்பட்டு நலிந்த ஆமைகள் எந்த நிலைக்கு ஆளாகின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காட்டில் இந்தக் குஞ்சு பலவகைப் புல்லும் பூவும் உதிர்ந்த பழமும் சப்பாத்திக்கள்ளியும் தின்கிறது. காலை வெயிலில் காய்ந்து, உச்சிப் பொழுதில் புதருக்கடியில் ஈர மண்ணில் ஒடுங்குகிறது. வீட்டில் சோறும் ரொட்டியும் முட்டைக்கோசும் கிடைக்கின்றன, வெயில் கிடைப்பதில்லை. வெயில் படாவிட்டால் வைட்டமின் டி உண்டாகாது, அது இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. சில மாதங்களில் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மென்மையாகி, தாடை வளைந்து, பின்னங்கால்கள் உடலைத் தாங்காமல் இழுபடுகின்றன. சிமெண்டுத் தரையின் வறட்சியில் வளர்ந்தவற்றுக்கு ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும். பின்னர் எவ்வளவு நல்ல தீவனம் கொடுத்தாலும் அந்த ஓடு பழைய வடிவுக்குத் திரும்பாது. மழைநாட்களில் ஈரக் குளிரில் மூக்கொழுகி நிமோனியா வரும். ஆமையின் சாணத்தில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சில ஆண்டு வளர்த்துவிட்டுக் காட்டில் விடுவதும் தீர்வல்ல, வீட்டில் தொற்றிய நோயை அது மற்ற ஆமைகளுக்குக் கொண்டு சேர்க்கும். பிள்ளைகள் குழியைத் தொலைவில் நின்று பார்க்கட்டும். மழை பெய்த நாளையும் வரப்பில் கண்ட தடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

உறவினர் சொன்ன விலையைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. நட்சத்திர ஆமைகளைச் சாக்கிலும் பெட்டியிலும் திணித்து விமானத்தில் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குக் கடத்துவது நெடுங்காலமாக நடக்கிறது. வழியில் மூச்சுத் திணறியும் நீரின்றியும் பல இறந்துபோகின்றன. இந்தக் கடத்தலின் காரணமாகவே 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இது சேர்க்கப்பட்டு, காட்டில் பிடிக்கப்பட்டவற்றின் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டது. விலை பேசி வருபவருக்கு இடத்தைக் காட்டவே காட்டாதீர்கள். தாய் ஆமைகள் ஆண்டுதோறும் அதே வேலியோரத்துக்கு வரக்கூடியவை என்பதால், ஒருமுறை இடம் தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். வெளிநாட்டு ஆமை வாங்கி வளர்க்கலாமே என்றும் சிலர் யோசனை சொல்லக்கூடும். 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் சைட்ஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும், அவற்றுள் முதல் இணைப்பில் உள்ளவற்றை இனப்பெருக்கம் செய்ய உரிமம் பெற வேண்டும். விவசாயிக்கு வருமானம் தரும் துணைத்தொழில் என்று இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டுக்கோழியும் காடையும் அதைவிட நூறு மடங்கு உறுதியானவை.

வேலியை எடுக்கும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். கிளுவையின் அடித்தூரில் சேரும் சருகும் நிழலும்தான் கோடையில் ஆமைக்கு ஒதுங்குமிடம். ஆடு மாடுகளுக்குத் தழையும் அதிலிருந்தே கிடைக்கிறது. வேலி பட்டுப்போன இடங்களில் மட்டும் ஆனி ஆடியில் புதுப் போத்து நட்டு நெருக்கிக்கொள்ளலாம். ஏதாவது ஒரு பக்கம் கம்பிவலை தவிர்க்க முடியாததானால், வலையை மண்ணில் புதைக்காமல் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். வளர்ந்த பெண் ஆமைகூட அதற்கடியில் நுழைந்து போய்விடும். நைலான் மீன்வலையை மட்டும் வேலியாகக் கட்டவே வேண்டாம், கழுத்தும் கால்களும் சிக்கி ஆமைகள் வெயிலில் கிடந்து இறந்துவிடும்.